உளியா, வில்லா? கைவலியோடு வேலை செய்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உளியும்_வில்லும்:

கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வலது கையில் நான்கு வருடமாக இருக்கிறது, இடது கையில் இப்போதுதான் ஆரம்பம். பகலில் மரம் செதுக்குகிறேன், மாலையில் வயலின். ஸ்ப்ளின்ட், மெழுகு ஒத்தடம், இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி, எல்லாம் ஆயிற்று. அதையெல்லாம் எழுத வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் நடந்த ஒன்று மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

புது மருத்துவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, இரண்டு எலும்புக்கும் நடுவே கறுப்பாகத் தெரிய வேண்டிய இடைவெளி எனக்கு இல்லை என்று பேனா முனையால் காட்டினார். அப்புறம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக, "மரவேலை, வயலின், இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமே. எதை விடுவீர்கள்?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "உளியை விட்டுவிடுகிறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் சீட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்லவில்லை.

26 வருடமாக எனக்குச் சோறு போட்டது உளி. வயலின் சம்பாதித்துக் கொடுத்தது எதுவும் இல்லை. வில்லுக்குக் கட்டைவிரல் சும்மா முட்டுக் கொடுத்தால் போதும், உளிக்கு அழுத்த வேண்டும், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு காரணம் சொல்லிக்கொள்ளலாம். அந்த நொடியில் அதெல்லாம் தோன்றவில்லை. பட்டறையில் ஒரு பலகை பாதியில் நிற்கிறது. கொடியில் ஏழு இலை முடிந்திருக்கிறது, எட்டாவதுக்குப் பென்சில் கோடு மட்டும். அன்றிலிருந்து அந்தக் கதவைத் திறக்கவில்லை. உங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டு, அது இப்படித் தங்கிப்போயிருக்கிறதா?


நூல்கோப்பவள்:

இருக்கிறது. எனக்குக் கார்பல் டனல், மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது, இரண்டு கையிலும். எம்பிராய்டரிதான் தொழில். ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய் எழுந்து உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

ஒரு பெரிய மேஜை விரிப்பு. முடிக்க நான்கு மாதம் ஆனது. வாங்க வந்த அம்மா அதை வெளிச்சத்தில் விரித்து, ஒரு மூலையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது மூலைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "இந்தப் பக்கம் வேற யாராவது தைச்சாங்களா?" என்று கேட்டார். குறை சொல்லும் குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பார்த்தேன். சங்கிலித் தையலின் கண்கள் அந்த இடத்திலிருந்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தன. ஊசி விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் தைத்த நாட்கள் அவை. துணியில் தேதி போட்டதுபோலத் தெரிந்தது.

"ஆமாம், உதவிக்கு ஒரு பெண் வருகிறாள்" என்று சொன்னேன். அப்படி ஒரு பெண் கிடையாது. இல்லாத பெண்மேல் என் கையின் குறையைப் போட்டுவிட்டேன். அந்த அம்மா "பரவாயில்லை, பழகிடுவா" என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். இரண்டு வருடம் ஆகிறது. வலது கைக்கு அறுவை செய்தாகிவிட்டது, ராத்திரி மரத்துப்போவது நின்றுவிட்டது. அந்தப் பெண் மட்டும் போகவில்லை.


ஆறுதந்தி:

உளியும்_வில்லும், அந்த டாக்டர் கேட்டதே தப்பு. உடனே வேறு ஒருவரைப் பாருங்கள். எனக்கும் அதே கட்டைவிரல் மூட்டுதான், இடது கை, கிட்டார். ஒருநாள் மேடையில் பாரே, அதாவது ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பிடி, பிடித்த கை அப்படியே விட்டுப்போய், பாட்டின் நடுவில் நான்கு வினாடி அமைதி. பாடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்கு. சரி, அதை விடுங்கள், உங்களுக்கு உபயோகமானதைச் சொல்கிறேன்.

விரல் நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்துக் கிள்ளிப் பிடித்தால் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ விழும். ஆகவே பிடியின் பலத்தைக் குறைப்பதுதான் முழு வைத்தியமும். முதலில் உளியின் கைப்பிடியைத் தடியாக்குங்கள், பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினாலே போதும். ஒல்லியான பிடியைத்தான் கை இறுக்கிப் பிடிக்கும். அடுத்தது, உளி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கூர் இருந்தால் மரம் தானாக வழிவிடும், மழுங்கினால் அந்த வித்தியாசத்தைக் கட்டைவிரல்தான் கொடுக்க வேண்டும். கையால் தள்ளுவதைக் குறைத்துக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். பலகையைப் பிடிக்க இன்னொரு கை எதற்கு, கிளாம்ப் போடுங்கள். வயலினில் இடது கட்டைவிரல் கழுத்தை நெரிக்கிறதா என்று பாருங்கள், தோள் தாங்கி சரியான உயரத்தில் இல்லையென்றால் கருவி விழுந்துவிடுமோ என்று கை பயந்து இறுக்கும். நான் தடித்த 12 கனத் தந்தியிலிருந்து மெல்லிய 10-க்கு வந்தேன், சுருதியை அரைப்படி இறக்கினேன். அதே தந்தியில் அரைப்படி இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைகிறது. 25 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் ஓய்வு, வலி வருவதற்கு முன்பே. வந்த பிறகு எடுக்கும் ஓய்வு வேறு, வருவதற்கு முன் எடுப்பது வேறு.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் கடைசி வருடங்களில் முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போய், தூரிகையைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வரைந்தார். அவரே விடவில்லை, நீங்கள் ஏன் விட வேண்டும்?


தோல்வாத்தியம்:

ஆறுதந்தி, அவர் ஆலோசனை கேட்கவில்லை. ஒரு சம்பவத்தைச் சொன்னார். உங்கள் நான்கு வினாடி அமைதியை இரண்டு வரியில் முடித்துவிட்டு டியூப் சுற்றச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அந்த நான்கு வினாடியைப் பற்றி எழுதியிருந்தால் எனக்கு அதிகம் உதவியிருக்கும்.

என்னுடையது மிருதங்கம். வலது மோதிர விரல் மடங்கினால் நிமிராது, டிரிகர் பிங்கர். காலையில்தான் ரொம்பப் படுத்தும். யாரிடமும் சொல்லவில்லை, வாத்தியாரிடம் நிச்சயமாக இல்லை. 11 வயதிலிருந்து அவரிடம் கற்றவன் நான், சாதகம் குறைந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒரு நிகழ்ச்சிக்கு முன், பின்னறையில் பக்கெட் வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். கையை எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

எதுவும் பேசாமல் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, முஷ்டியாக மடக்கி, மெதுவாகத் திறந்தார். நான்கு விரல் திறந்தது. நடுவிரல் மடங்கியபடியே இருந்தது. இடது கையால் அதைப் பிடித்து நிமிர்த்தினார். டக்கென்று ஒரு சத்தம். "ஒம்பது வருஷமா" என்றார். பிறகு எழுந்து, வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, வேறு யாரும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

அந்த ஒன்பது வருடத்தில் அவர் என் கையைப் பற்றி எத்தனையோ திட்டியிருக்கிறார். தன் கையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவரிடம் அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவர் இல்லை. எனக்கு ஊசி போட்டுச் சரியாகிவிட்டது, ஒரே ஒரு ஊசி. யாராவது சொல்லியிருந்தால் அவரும் போட்டுக்கொண்டிருப்பாரோ என்று நினைத்தால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.


வலக்கை_மௌனம்:

ரெனுவார் கதை நிறைய இடங்களில் இப்படியே சுற்றுகிறது, அது சரியல்ல. தூரிகையை யாரும் கட்டிவிடவில்லை. மடங்கிய விரல்கள் உள்ளங்கைத் தோலைப் புண்ணாக்காமல் இருக்கத்தான் அந்தத் துணிக்கட்டு. தூரிகையைப் பக்கத்தில் இருப்பவர் விரல்களுக்கிடையே வைத்துவிடுவார், பிடித்தது ரெனுவார்தான். சின்ன வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். கட்டியிருந்தால் அது மன உறுதிக் கதை. உண்மையில் நடந்தது, ஒவ்வொரு நாளும் இன்னொருவர் உதவியை வாங்கிக்கொண்டு செய்த வேலை. முன்னதைச் சொல்லித்தான் எங்களை அடிக்கிறார்கள்.

எனக்கு வலியே கிடையாது, இங்கே எழுதலாமா என்றுகூடத் தயங்கினேன். பியானோ. வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் கட்டையைத் தொடப் போகும்போது தாமாகவே உள்ளே சுருட்டிக்கொள்கின்றன. போக்கல் டிஸ்டோனியா, மூளை விரல்களை இயக்குவதில் வரும் கோளாறு. சட்டை பட்டன் போடும்போது, சமைக்கும்போது, எழுதும்போது கை சாதாரணமாக இருக்கும். பியானோ கலைஞர் லியான் பிளைஷருக்கு 1964-இல் இதுதான் வந்தது, இதே இரண்டு விரல், 36 வயதில். முப்பது வருடம் போல இடது கைக்கான இசையை வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் காலம் தள்ளினார், பிறகுதான் போடாக்ஸ் ஊசி ஓரளவு வழிவிட்டது.

என்னைத் தைத்தது ஒரு நண்பர் சொன்னது. நான் வாசிப்பதைப் போனில் எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினேன், புரியட்டும் என்று. பார்த்துவிட்டு, "வலிக்கலையே, அப்ப பிராக்டிஸ் பண்ணா சரியாகிடும்ல?" என்றார். அதைத்தான் இரண்டு வருடம் செய்து இதை இன்னும் மோசமாக்கிக்கொண்டேன். இங்கே வலி உள்ளவர்களைப் பார்த்து ஒரு நொடி பொறாமைப்பட்டிருக்கிறேன், அதற்கு மன்னிக்க வேண்டும். வலித்தால் நம்பியிருப்பார்களே என்றுதான்.


ஆறுதந்தி:

ரெனுவார் பற்றித் திருத்தியதற்கு நன்றி, எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். தோல்வாத்தியம், நீங்கள் சொன்னதும் சரி. அந்த நான்கு வினாடியை எழுதப் பார்த்தேன், வரவில்லை. பாடியவர் என் மனைவி. அதற்குப் பிறகு அவர் எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும், பாரே இல்லாததாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.


ஈரமண்:

நல்லதாக ஒன்று சொல்லலாமா? உளியும்_வில்லும் சொன்ன மருத்துவருக்கு நேர் எதிரானவர் ஒருவரை நான் பார்த்தேன்.

மண்பாண்டம் செய்கிறேன். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் டி குர்வேன், தசைநாரின் உறை தடித்து வலிப்பது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் உயிர் போகுமே, அது. மூன்று இடத்தில் ஓய்வெடு என்று சொன்னார்கள். நான்காவதாகக் கை சிகிச்சைக்கென்றே இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட். நான் பேசுவதைப் பாதியில் நிறுத்தி, "சொல்லிப் புரியாது. அடுத்த தடவை மண் கொண்டு வாங்க" என்றார்.

ஐந்து கிலோ களிமண்ணைப் பையில் கட்டிக்கொண்டு போனேன். தன் மேஜையில் இருந்த காகிதங்களையெல்லாம் தானே ஒதுக்கிவிட்டு, "பிசைங்க" என்றார். நான் பிசைகிறேன், அவர் முட்டி போட்டு உட்கார்ந்து மேஜை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்க்கிறார். பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. வெள்ளைக் கோட்டின் கைமடிப்பில் மண் அப்பிக்கொண்டதை அவர் கவனிக்கவே இல்லை. அப்புறம் என் மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்து லேசாக நேராக்கினார். "இப்ப தள்ளுங்க" என்றார். மேஜை எனக்கு ரொம்ப உயரம், அதனால் மணிக்கட்டை முழுக்கப் பின்னால் வளைத்து, கட்டைவிரலை அகல விரித்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். 14 வருடமாக. ஒரு ஜாண் தாழ்ந்த மேஜை வேண்டும், அவ்வளவுதான்.

வலி போய்விட்டதா என்றால் இல்லை. பாதிக்கும் கீழே வந்திருக்கிறது, மழைநாளில் இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். என் கையை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், என் வேலையை முதல் முறையாக ஒருவர் பார்த்தார்.


நூல்கோப்பவள்:

ஈரமண், இதைப் படித்துவிட்டு துணியை இழுத்துப் பிடிக்கும் என் எம்பிராய்டரி ரிங்கை எந்த உயரத்தில் பிடிக்கிறேன் என்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். மணிக்கட்டு உள்ளே மடங்கித்தான் இருக்கிறது, இத்தனை வருடம் அப்படியே. இடது கைக்கு இன்னும் அறுவை செய்யவில்லை. ஸ்டாண்டு வாங்கப் போகிறேன்.

இன்னொன்று. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் சதை மேடு தட்டையாகிக்கொண்டே வந்தால் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டேன். அறுவை நன்றாகவே முடிந்தது, அந்தச் சதை திரும்ப வரவில்லை. அந்த விரிப்பு வாங்கிய அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.


உளியும்_வில்லும்:

எல்லாருடையதையும் இரண்டு முறை படித்தேன். தோல்வாத்தியம், உங்கள் வாத்தியார் வாசலில் நின்றதை என்னால் மறக்க முடியாது.

ஆறுதந்தி, நீங்கள் கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன். நேற்றுப் பட்டறையைத் திறந்தேன். உளிகள் மழுங்கித்தான் இருந்தன. தீட்டினால் கை வலிக்கும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கிறேன், மழுங்கியதால் இன்னும் அழுத்தியிருக்கிறேன். இரண்டை மட்டும், நடுநடுவே நிறுத்தி நிறுத்தித் தீட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றில் டியூபும் சுற்றினேன். எட்டாவது இலையின் காம்பை மட்டும் வெட்டினேன். சுருள் மெல்லியதாக, உடையாமல் வந்தது. ராத்திரி வலித்தது, வழக்கமான அளவுதான்.

அந்த மருத்துவரிடமே வியாழக்கிழமை போகிறேன். கோபத்தில் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் அவசரத்தில் பதில் சொன்னேன், அவரும் இரண்டில் ஒன்றைக்கூடப் பார்க்காமல்தான் கேட்டார். வயலின் பெட்டி, இரண்டு உளி, கொட்டாப்புளி, ஒரு கிளாம்ப், எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பார்க்க மாட்டேன் என்று சொன்னால் ஈரமண் போன மாதிரி ஒருவரைத் தேட வேண்டும். பலகையையும் கொண்டுபோக ஆசை, ஒரு கையால் தூக்க முடியவில்லை. மகனைக் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.