மறு: மறு: ‘சூப்பர்கிரிட்டிகல்’ கார்பன் டை ஆக்சைடு – தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மதுரையிலிருந்து:

அன்புடையீர், பசுமை வேதியியல் பாடநூலின் மொழிபெயர்ப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரி செல்சியசுக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை. வாயுபோலப் பரவும், திரவம்போலக் கரைக்கும். வினை முடிந்து அழுத்தத்தைத் திறந்துவிட்டால் கரைப்பான் தானே வெளியேறும். டைகுளோரோமீத்தேன் என்ற வழக்கமான கரைப்பான்போல விளைபொருளில் நஞ்சாகத் தங்காது. வகுப்பில் ஒரு காணொளி காட்டினேன். கண்ணாடிச் சாளரம் வைத்த கலத்துக்குள் திரவத்தின் மேல்மட்டக் கோடு மங்கி, கலங்கி, காணாமல் போகிறது. “கோடு எங்கே போயிற்று?” என்றாள் முன்வரிசை மாணவி. அந்த நிலைக்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

‘கிரிட்டிகல்’ என்பதை அவதி என்றே, அவதி வெப்பநிலை, அவதிக் கோணம் என்று நாங்கள் தலைமுறைகளாகப் படித்து வருகிறோம். ஆகவே ‘மீயவதிக் காபனீரொட்சைட்டு’. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதியது தேடுவானேன்?

கோவையிலிருந்து:

ஐயா, அவதி வடசொல். எல்லை என்று பொருள். தமிழ்நாட்டுப் பிள்ளையின் காதில் அது அவதிப்படுதலாகவே விழும். நீங்கள் சொல்லும் அவதிக் கோணம் இங்கே ‘மாறுநிலைக் கோணம்’ என்று பாடநூலில் நிலைத்திருக்கிறது. மேல் என்னும் பொருள் தரும் ‘மீ’ நம் சொல். ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்கிறது குறள். மீக்கடத்தியும் மீயொலியும் வழக்கில் உள்ளன. ‘மீ’யின்முன் வல்லினம் இயல்பாகவும் வரும், மிகவும் செய்யும், மெல்லினமும் தோன்றும் என்பது நன்னூல் விதி: மீகண், மீக்கோள், மீந்தோல். இரண்டையும் சேர்த்து ‘மீமாறுநிலை’ என்றால், அடுத்து வருவது மகரம் என்பதால், அந்தச் சிக்கலே எழாது.

இன்னொன்று. இந்த நிலையை முதலில் அறிந்தது கண் அல்ல, காது. 1822இல் பிரான்சில் காஞார் த லா தூர் பீரங்கிக் குழலுக்குள் திரவத்தையும் ஒரு கல்லுருண்டையையும் அடைத்து, சூடாக்கி, உருட்டிக் கேட்டார். குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் தளும்பும் ஓசை நின்றுவிட்டது. ‘கிரிட்டிகல்’ என்ற பெயரை வேதியியலாளர் ஆண்ட்ரூஸ் 1869இல்தான் வைத்தார். எனவே ‘தளும்பறு நிலை’ என்றும் சொல்லலாம்.

சென்னையிலிருந்து:

‘தளும்பறு நிலை’ யாருக்குப் புரியும்? இந்தக் கார்பன் டை ஆக்சைடால் மிளகுச் சாறு இறக்கும் ஆலையில் பல ஆண்டுகள் இருந்தேன். அழுத்தமானி முள்ளைப் பார்த்துக்கொண்டே எங்கள் பணியாளர்கள் ‘சூப்பர்கிரிட்டிகல் வந்துவிட்டது’ என்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் அது விளங்கியது. அதையே எழுதுங்கள்.

என்னை உறுத்துவது ‘பசுமை’ என்ற சொல்தான். அத்தனை அழுத்தத்துக்கும் மின்சாரம் வேண்டும். உலோக வினையூக்கிகள் பல இதில் கரைவதில்லை. கரைய வேண்டுமானால் ஃப்ளூரின் நிறைந்த சங்கிலிகளை அவற்றில் இணைக்க வேண்டும். அந்தச் சங்கிலிகள் மண்ணில் எளிதில் சிதையாதவை. இதைச் சொல்லாத பாடம் அரைப் பாடம்.

மதுரையிலிருந்து:

மின்சாரத்தையும் ஃப்ளூரினையும் பாடத்தில் சேர்த்துவிட்டேன், நன்றி. ஹைட்ரஜன் இதில் தடையின்றிக் கலப்பதால், 1994இல் ஜப்பானில் வேதியியலாளர் நோயோரியின் குழுவினர் ருத்தேனியம் வினையூக்கியால் கரைப்பானையே ஃபார்மிக் அமிலமாக்கியதும் அதே பக்கத்தில் இருக்கிறது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ‘மீமாறுநிலை’க்கு ஐவர். முதல் இடத்தில் மட்டும் ‘சூப்பர்கிரிட்டிகல் எனப்படும் மீமாறுநிலை’ என்று போடுகிறேன். இனி நேரமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் வினையூக்கம் பற்றிய பாடத்தில் ‘மாறுநிலை’ என்றால், வினைபடுபொருள் விளைபொருளாக மாறும் வழியில் ஏறுகிற ஆற்றல் முகட்டைத்தான் மாணவர் நினைப்பர். இந்த நிலைக்கு வருவதால் மட்டும் கார்பன் டை ஆக்சைடு வேறு பொருளாக மாறிவிடுவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டி நிற்கிறது. என் மறுப்பு அப்படியே இருக்கிறது. சொல்லடைவிலாவது ‘மீயவதி’யைச் சேர்த்துவிடுங்கள், எங்கள் பிள்ளைகளும் இந்த நூலைத்தான் படிக்கப் போகிறார்கள்.