எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு சாரல் சீசன்

வாட்ஸ்அப் குழு: பாளை வீடு (பாளையங்கோட்டை)

நெல்லையப்பர் கோவில் ஆனித் தேருக்கு முந்தின நாள்

அப்பா: நாளைக்குத் தேர். காலை ஏழு மணிக்கெல்லாம் டவுனில் நிற்க வேண்டும். சிட்டுவைத் தூக்கி வந்துவிடுங்கள், வடம் தொட்டுக் கும்பிட வைக்கலாம்.

நான்: அப்பா, அவளுக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது. வடம் பக்கமே வேண்டாம். கூட்டம் ஒரு தள்ளு தள்ளினால் பெரியவர்களே நிற்க முடியாது.

அப்பா: உன்னை ஆறு மாசத்தில் தூக்கிக்கொண்டு போனேன்.

அம்மா: வந்து காய்ச்சலில் கிடந்தாளே, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

அண்ணன்: தெற்கு ரத வீதியில் என் சிநேகிதன் வீட்டு மாடி இருக்கிறது. நிழலும் உண்டு. அங்கே நின்று பார்ப்போம்.

நான்: மாடி என்றால் சரிண்ணே. ஆனால் பதினொன்றரைக்கு நாங்கள் வீட்டில் இருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு அவள் தூங்கியாக வேண்டும்.

அப்பா: அதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடுமாக்கும்?

அவர்: மாமா, மத்தியானத் தூக்கம் தப்பினால் சாயங்காலம் அவள் ஆடுகிற ஆட்டம் நெல்லையப்பர் தேர்கூட ஆடாது.

அம்மா: மாப்பிள்ளை சொல்வது சரிதான்.

அப்பா: எல்லோரும் ஒரே கட்சி. நடத்துங்க.

தேர் அன்று

அண்ணன்: (வீடியோ)

தங்கச்சி: ஐயோ, காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாளே! சென்னையிலிருந்து பார்க்கிற எனக்கே அழுகை வருகிறது.

மைனி (அண்ணன் மனைவி): மேளத்துக்கு மட்டும்தான் அழுதாள். பிள்ளையார் தேர், முருகன் தேர் போகும்போது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுவாமி தேர் திரும்பியபோது நிமிர்ந்தவள், அதற்குப் பிறகு தலையைத் திருப்பவே இல்லை. தேரை இல்லை, சக்கரத்துக்குக் கட்டை போடுகிற ஆட்களை!

அப்பா: கோவில் ஆனை காந்திமதி இருந்திருந்தால் பிள்ளை பார்த்திருக்கும்.

அம்மா: இந்த 2025 சனவரியில் போய்விட்டதே. போன வருஷம் சிட்டுவைக் கைக்குழந்தையாக அது முன்னால் வைத்து எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. பிறகு அனுப்புகிறேன், தேட வேண்டும்.

நான்: இதைப் பாருங்கள். தூங்கி எழுந்ததும் செய்த வேலை. (வீடியோ)

தங்கச்சி: என்ன அது, நடைவண்டிச் சக்கரத்துக்கு அடியில்?

நான்: அம்மா அம்பாசமுத்திரத்தில் வாங்கித் தந்த மரச்செப்பு. இட்லிக் கொப்பரை, அம்மி, குடம் எல்லாம் இப்போது கட்டை. ஒன்றைப் போடுகிறாள், வண்டியைத் தள்ளுகிறாள், நின்றதும் கை தட்டுகிறாள். அப்பா வந்து "அரோகரா" சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் கத்துகிறாள்.

அப்பா: நான் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன். தொண்டை போயிற்று.

ஆனிக் கடைசி

தங்கச்சி: அங்கே மழையா? தென்காசியில் சாரல் என்று செய்தியில் பார்த்தேன்.

அப்பா: பாளையில் எங்கே மழை? வெறும் காற்றுதான். மலை மேற்கே மறித்துக்கொள்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற காற்றுதான் தென்காசி, குற்றாலத்தில் சாரலாக விழும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்.

அம்மா: காற்று துணிக்கு நல்லதுதான். பிள்ளை துணி கொடியில் போட்டதும் காய்கிறது. கண்ணில்தான் மண் விழுகிறது. மாடிக்குத் தூக்கிப் போகாதே ஏட்டி.

அண்ணன்: சனிக்கிழமை குற்றாலம் போவோமா? கார் நான் எடுக்கிறேன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், முடிந்தால் படகு. இரவு திரும்பிவிடலாம்.

நான்: இந்தச் சனிக்கிழமை வேண்டாம்ணே. புதன்கிழமை ஊசி. தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு பூஸ்டரும். பதினாறு மாதத்திலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் போட வேண்டியவை. காய்ச்சல் வரலாம். அப்புறம், ஒரு நாளைக்கு மூன்று அருவியா? ஒரு அருவி போதும்.

அண்ணன்: குற்றாலம் போய் ஒரே ஒரு அருவியா?

மைனி: உங்களுக்கு மூன்று அருவி வேண்டுமென்றால் நீங்கள் தனியாகப் போங்க.

புதன் இரவு

நான்: லேசான காய்ச்சல். தொடை வீக்கம். மருந்து கொடுத்தாயிற்று, தூங்குகிறாள்.

அம்மா: வீங்கிய இடத்தில் ஏதாவது பற்றுப் போடட்டுமா?

நான்: எதையும் பூசக் கூடாது, தேய்க்கவும் கூடாது என்று செவிலியர் சொல்லி அனுப்பினார் அம்மா.

அப்பா: பிள்ளை ராத்திரி எழுந்தால் எனக்குப் போன் போடு. எந்நேரமானாலும்.

ஆடி முதல் வாரம்

அண்ணன்: பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சை (பாதுகாப்பு வளைவை)த் தாண்டி விழுகிறது. குளிக்கத் தடை.

அவர்: நல்லது. நாம் ரயிலில் போவோம். காலை செங்கோட்டை வண்டி. முதல் நாள் கடையத்தில் எங்கள் அம்மா வீட்டில் இறங்கிவிடலாம். சிட்டு அங்கேயே சாப்பிட்டுத் தூங்கட்டும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் குற்றாலம். ஐந்து வயதுக்குள் டிக்கெட்டும் கிடையாது.

அப்பா: இது யோசனை. கல்லிடைக்குறிச்சி தாண்டினதும் ஆற்றுப் பாலம் வரும். ஜன்னல் பக்கம் உட்கார வை.

அப்பா: கல்லிடைக்குறிச்சியில் அப்பளமும் வாங்கு.

அம்மா: வண்டி நிற்கிற நேரத்தில் இறங்கி அப்பளம் வாங்கவா? பிள்ளையை வைத்துக்கொண்டு?

(அப்பாவின் அப்பளச் செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: நீக்கினாலும் நான் படித்துவிட்டேன்.

குற்றாலம், காலை

மைனி: தடை நீங்கிவிட்டது. ஆனால் பேரருவிப் பக்கம் போகவில்லை. புலியருவிக்கு வந்திருக்கிறோம். சின்ன அருவி, தண்ணீர் மெதுவாக விழுகிறது. பிள்ளைகளும் வயசானவர்களும்தான் நிறைய.

தங்கச்சி: படம்! படம்!

நான்: முதலில் கிட்டேயே போகவில்லை. அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு "நாம், நாம்" என்றாள். வேண்டாம் என்பதற்கு அவள் மொழி. நாங்கள் இழுக்கவில்லை. ஓரமாகத் தண்ணீர் ஓடுகிற கல்லில் உட்கார்ந்தோம். கால் நனைந்தது. அப்புறம் அவளாகவே ஒரு கையை நீட்டினாள். அருவிக்குள் நிற்கவே இல்லை, தெறிக்கிற சாரலில் நின்றதோடு சரி. உதடு கொஞ்சம் நடுங்கத் தொடங்கியதும் துவட்டித் தூக்கிவிட்டேன்.

அண்ணன்: எண்ணெய் தேய்க்கலாம் என்று கொண்டு வந்தேன். எண்ணெயும் சோப்பும் கூடாது என்றார்கள்.

அம்மா: அந்தத் தண்ணீர் கீழே வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. பிறகென்ன?

மைனி: பெரிய சம்பவம் இனிமேல்தான். உங்கள் அண்ணன் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு போன் பேசினார். குரங்கு வந்தது, பொட்டலம் போயிற்று.

தங்கச்சி: சிட்டு பயந்தாளா?

மைனி: பயமா? குரங்குக்கு டாட்டா காட்டினாள். பொட்டலத்தை அவரே கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டாள் போல. இப்போது மாமா கையில் எதைப் பார்த்தாலும் மரத்தைக் காட்டுகிறாள்.

அவர்: பதினொன்றுக்கு ஆட்டோ ஏறிவிட்டோம். மங்குஸ்தான் வாங்கியிருக்கிறது. வழியிலேயே தூங்கிவிட்டாள்.

அண்ணன்: படகு?

மைனி: அடுத்த வருஷம்.

ஆடி அமாவாசைக்கு முன்

அப்பா: அமாவாசைக்குப் பாபநாசத்தில் தர்ப்பணம். அப்படியே காரையாறு சொரிமுத்து ஐயனாரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன்.

நான்: அப்பா...

அப்பா: நீ டைப் செய்யாதே. நானும் அண்ணனும் மட்டும் போகிறோம். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோவில், சோதனைச் சாவடி, பஸ், நெரிசல். அது சின்னப் பிள்ளைக்கான இடம் இல்லை. அமாவாசை கழிந்து கூட்டமில்லாத ஒரு நாள் பாபநாசம் படித்துறைக்கு மட்டும் அவளைக் கூட்டிப் போவோம். மீனுக்குப் பொரி போடட்டும். காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் வீடு.

அம்மா: இதைச் சொன்னது யார்? போனை யாரும் பிடுங்கி எழுதுகிறீர்களா?

அண்ணன்: அப்பாவேதான். நான் பக்கத்தில் இருக்கிறேன்.

பாபநாசம்

அப்பா: (புகைப்படம்)

தங்கச்சி: மீன் எங்கே? பொரி அவள் வாயில் இருக்கிறதே.

அப்பா: மீனுக்கு ஒன்று, அவளுக்கு ஒரு கைப்பிடி. அதுதான் கணக்கு. நான் கடைசிப் படிக்கு இறங்கவில்லை. இடுப்பைச் சுற்றித் துண்டால் கட்டிப் பிடித்திருந்தேன். படி பாசி பிடித்து வழுக்குகிறது. மீன் கூட்டமாக மேலே வந்தபோது "அரோகரா" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா: உங்களால்தான்.

அப்பா: ஆமாம், என்னால்தான்.

தங்கச்சி: இதையெல்லாம் பார்த்தால் பொறுக்க முடியவில்லை. ஆவணியில் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். எங்கே எங்கே போகலாம் சொல்லுங்கள்.

அண்ணன்: கொக்கிரகுளம் அறிவியல் மையம். டைனோசர் எல்லாம் நிற்கிறது. அப்புறம் குறுக்குத்துறை, சாயங்காலம்...

நான்: ஒரு நாளைக்கு ஒன்று.

அண்ணன்: சரி, சரி. ஒன்று.

அப்பா: வா தாயி. வந்தால் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை காலிங் பெல் அடிக்காதே. கதவைத் தட்டவும் வேண்டாம். எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, நான் வந்து திறக்கிறேன்.