சாட்ஜிபிடி, ஜெமினி பதில்களில் நம்ம பிராண்ட் வருதா? தானாகக் கணக்கெடுப்பது எப்படி?

கல்லும்குழவியும் (கேள்வி)

வணக்கம். கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு டிஜிட்டல் வேலை பார்க்கிறேன். "நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு எந்த டேபிள் டாப் கிரைண்டர் வாங்கலாம்?" என்கிற மாதிரி 20 கேள்விகளை வாராவாரம் சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்ப்ளெக்ஸிட்டி மூன்றிலும் கையால் கேட்டு எக்செல்லில் குறித்து வருகிறோம். சாட்ஜிபிடியில் போன வாரம் 9 பதில்களில் எங்கள் பெயர் வந்தது, இந்த வாரம் 6. இதை இறக்கம் என்று எடுத்துக்கொள்ளலாமா? இதையெல்லாம் க்ரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் ஏற்பாடு) போட்டுத் தானாக ஓட விட வேண்டும். பெயர் வரும் இடத்தில் நல்லவிதமாகச் சொல்கிறதா, குறை சொல்கிறதா என்பதும் தெரிய வேண்டும். பைத்தான் தெரியும். நாமே எழுதுவதா, கட்டணக் கருவி வாங்குவதா?

புள்ளிக்குப்புள்ளி

9லிருந்து 6 என்பதை வைத்து மேலே எதுவும் ரிப்போர்ட் பண்ணாதீர்கள். 20 பதிலில் 45% என்றால் 95% பிழை வரம்பு மட்டுமே இரண்டு பக்கமும் 22 புள்ளி. அதே கேள்விகளை அதே நாள் மதியம் இன்னொரு தடவை கேட்டாலே 6 வரலாம், 11ம் வரலாம். டெம்பரேச்சரை (பதில் எவ்வளவு மாறலாம் என்று மாடலுக்குச் சொல்லும் அமைப்பு) பூஜ்யமாக்கினால் பதில் மாறாது என்று யாராவது சொல்வார்கள். மாறும். பின்னால் நடக்கும் தேடலின் முடிவு மாறினால் பதிலும் மாறத்தான் செய்யும். அதுவும் போக, உங்கள் வாடிக்கையாளருக்குப் போகும் பதில் பூஜ்யத்தில் ஓடுவதில்லை.

ஆகவே ஒரே கேள்வியைப் பல தடவை கேட்க வேண்டும். ஆனால் கையில் 240 அழைப்புக்குத்தான் (நிரலிலிருந்து மாடலை ஒரு தடவை கேட்பது ஓர் அழைப்பு) காசு என்றால் 30 கேள்வியை 8 தடவை கேட்பதைவிட 60 கேள்வியை 4 தடவை கேட்பது மேல். எப்போதும் உங்கள் பெயரைச் சொல்லிவிடும் ஒரு கேள்வியை எட்டாவது தடவை கேட்டுப் புதிதாக என்ன தெரியப்போகிறது? பிழை வரம்பு போடும்போதும் 240ஐத் தனித்தனி நாணயச் சுண்டலாக எண்ணாதீர்கள். 40% பதில்களில் பெயர் வந்தால் பாடப்புத்தகச் சூத்திரம் 6 புள்ளி என்று சொல்லும். கேள்வியை அலகாக வைத்து பூட்ஸ்ட்ராப் செய்தால் (கேள்விகளைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துக் கணக்கிட்டால்) பெரும்பாலும் அதைவிட அகலமாகவே வரும். அதுதான் நிஜம்.

பிராண்ட் பெயரே இருக்கும் கேள்விகளை ("இந்தக் கம்பெனி கிரைண்டர் நல்லதா?") பெயர் வந்த கணக்கில் சேர்க்கவே கூடாது. பெயரை நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, வந்ததா என்று கேட்பது அது. அவை தொனியைப் பார்க்க மட்டும். மீதிக் கேள்விகளைக் கற்பனையில் எழுதாமல் சர்ச் கன்சோலிலிருந்து (எந்தத் தேடலில் உங்கள் தளம் வந்தது என்று காட்டும் கூகுள் கருவி) எடுங்கள். 16 மாதத் தரவு கிடைக்கும், நீளமான தேடல்களை வடிகட்டினால் மக்கள் கேட்கும் விதம் தெரிந்துவிடும். தமிழ், ஆங்கிலம், தங்கிலீஷ் மூன்றையும் தனித்தனிக் கூட்டமாக வையுங்கள். அமெரிக்காவுக்கு 110 வோல்ட் மாடல் விற்கிறீர்கள் என்றால் அது இன்னொரு கூட்டம். நடுவில் கேள்வி சேர்க்கத் தோன்றினால் புதுக் கூட்டமாகத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் வரைபடத்தில் வரும் ஏற்றம் கேள்வி மாறியதாலா, பதில் மாறியதாலா என்று பிரிக்க முடியாது.

ஏபிஐயில் (செயலி இல்லாமல் நிரலிலிருந்தே மாடலைக் கேட்கும் வழி) வெறும் மாடலை அழைத்தால் அது பயிற்சியில் படித்ததை வைத்துப் பேசும். தேடல் கருவியை இயக்கி அழைக்க வேண்டும். ஓப்பன்ஏஐ தேடல் கருவிக்கு நாடு, ஊர், நேர மண்டலம் கொடுக்கலாம். கொடுக்காமல் விட்டால் எந்த ஊர்க் கடை வரும் என்பது நம் கையில் இல்லை. அப்போதும் செயலியில் வரும் பதிலும் ஏபிஐ பதிலும் ஒன்றாக இருக்காது. செயலி தன் சொந்தக் கட்டளைகளைச் சேர்க்கிறது, பயனரின் மெமரியையும் பார்க்கிறது. நீங்கள் ஆபீஸ் கணக்கில் கேட்டுக் குறித்த எண்களை இதனாலேயே நம்பக் கூடாது. நாள் முழுக்கக் கிரைண்டர் பற்றியே பேசிய கணக்கு அது! ஏபிஐ எண்ணைப் போக்கு பார்க்க வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை மெமரி இல்லாத புது உரையாடல்களில் கையால் கேட்டு ஒப்பிடுங்கள்.

சேமிப்புக்கு எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) போதும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரிசை: கேள்வி எண், எஞ்சின், பதிலோடு திரும்பி வந்த மாடல் பெயர் (நாம் கேட்ட பெயரை அல்ல), நேரம், மொழி, இடம், முழு ஜேசன் (ஏபிஐ பதிலைத் திருப்பித் தரும் வடிவம்). மூலப் பதிலைத் தூக்கி எறியவே கூடாது. நாளை மதிப்பிடும் முறையை மாற்றினால் பழையதையும் சேர்த்துத் திருப்பி ஓட்ட அதுதான் வேண்டும்.

அதிகம் பேர் விழும் குழி ஒன்று உண்டு. 429 பிழை (அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள் என்ற மறுப்பு) வந்து தோல்வியான அழைப்பு வெற்று உரையாகப் பதிவாகும். ஸ்கிரிப்ட் அதை "பெயர் வரவில்லை" என்று எண்ணிவிடும். தோல்வியானது பகுதியெண்ணிலேயே வரக் கூடாது. அதன் தம்பி, பாதியில் நின்ற பதில். தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட டோக்கன் (மாடல் உரையை எண்ணும் துண்டு) அதிகம் செலவாகும். ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்த வரம்பு தமிழில் ஐந்து பிராண்ட் பட்டியலை மூன்றாவதிலேயே வெட்டிவிடும். பதில் ஏன் நின்றது என்று சொல்லும் முடிவுக் குறியைப் பார்த்து வெட்டுப்பட்டதை ஒதுக்குங்கள்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (நம் நிரலைக் கிட்ஹப் தன் கணினியில் ஓட்டித் தரும் சேவை) ஓட்டுவதாக இருந்தால்: அங்கே க்ரான் முன்னிருப்பாக யுடிசி நேரம் (நமக்கு ஐந்தரை மணி பின்னால்). 6 என்று போட்டால் நமக்குப் பகல் 11.30. பொதுக் களஞ்சியம் (யாரும் பார்க்கக்கூடிய நிரல் தொகுப்பு) 60 நாள் அசைவில்லாமல் கிடந்தால் அட்டவணையே நின்றுவிடும்.

ஒற்றெழுத்து

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா பெயரைக் கண்டுபிடிக்கிற இடத்துலதான் தமிழ்ப் பதில்கள் காலை வாரும்.

முதல்ல யூனிகோட். "கொ" ரெண்டு விதமா வரும்: ஒரே குறியா ஒட்டின ஒகரம், இல்லேன்னா எகரக் கொம்பும் காலும் தனித்தனியா. கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. எதையும் தேடறதுக்கு முன்னாடி பதிலையும் பிராண்ட் பட்டியலையும் என்எஃப்சிக்கு (ஒட்டின குறியா ஒரே மாதிரி ஆக்கற யூனிகோட் வடிவம்) மாத்திடுங்க.

அடுத்து சொல் எல்லை. பைத்தானோட வழக்கமான ரீஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வெச்சுத் தேடற முறை) புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தா எடுத்துக்காது. சொல்லுக்கு நடுவுலயே எல்லை விழுந்துடும். பைத்தான் தொகுப்புக் கிடங்கான பைபையில 'ரீஜெக்ஸ்'னு தனியா ஒரு தொகுப்பு இருக்கு, அதைப் போடுங்க. வேற்றுமை உருபு வேற: ப்ரீத்தியின், ப்ரீத்தியில், ப்ரீத்திக்கு. அதனால இடது எல்லையை மட்டும் கட்டிட்டு வலது பக்கம் தெரிஞ்ச விகுதிகளை விடுங்க. ப்ரீத்தி, பிரீத்தி, ப்ரீதின்னு எழுத்துப்பிழை வகைகளையும் பட்டியல்ல போடணும்.

இந்தத் துறைக்குன்னே ஒரு தலைவலி, பிராண்ட் பேரெல்லாம் சாதாரணச் சொல். ப்ரீத்தி ஒரு பெண் பேரு, பட்டர்ஃபிளை பட்டாம்பூச்சி, அல்ட்ரா எந்த மாடல் பின்னாடியும் ஒட்டிக்கும், ப்ரெஸ்டீஜ்னா பெங்களூரு கட்டுமானக் கம்பெனியும் இருக்கு. ரீஜெக்ஸ் எடுத்துக் குடுக்கறதை ஒரு சின்ன மாடல்கிட்ட "இந்த வரியில் இது கிரைண்டர் பிராண்டா?"ன்னு ஆமாம்/இல்லைன்னு மட்டும் கேட்டு உறுதி பண்ணிக்குங்க. மொத்த வேலையையும் மாடல்கிட்ட குடுத்துடாதீங்க, பதில்ல இல்லாத பிராண்டையும் சில சமயம் சேர்த்து எழுதிடும்.

சாய்வுமானி

தொனிக்கு வருகிறேன். பதில் முழுவதற்கும் ஒரு மதிப்பெண் போட்டால் வாராவாரம் "நேர்மறை 85%" என்று வரும், யாருக்கும் பயன்படாது. இந்த மாடல்கள் எல்லாப் பிராண்டையும் பாராட்டுகிற பழக்கம் உள்ளவை. பிராண்ட் வாரியாக, அம்சம் வாரியாகப் பிரியுங்கள்: விலை, மோட்டார், கல், சத்தம், எடை, சர்வீஸ்.

இப்படி ஒரு வரி வருகிறது என்று வையுங்கள்: "க கிரைண்டர் விலைக்குப் பரவாயில்லை, கல் கனமாக இருப்பதால் மாவு நன்றாகப் பொங்கும்; கழுவ எளிது வேண்டுமென்றால் ச பார்க்கலாம்." ஒரே வரியில் க-வுக்கு விலையில் நடுநிலை, கல்லில் கூட்டல், கழுவுவதில் கழித்தல். "கனம்" கல்லுக்கு நல்லது, தூக்கி வைக்க வேண்டிய வயதானவருக்குக் குறை. சொல்பட்டியல் முறை இங்கே நிற்காது, மதிப்பிட ஒரு மாடல்தான் வேண்டும். அதனிடம் பிராண்ட், அம்சம், சாய்வு (குறை -1, நடுநிலை 0, பாராட்டு 1), ஆதார வரி என்று நிலையான வடிவில் கேளுங்கள். ஆதார வரி மூலப் பதிலில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று நிரல் சரிபார்க்கட்டும். இல்லையென்றால் அந்த வரிசையைத் தள்ளிவிடுங்கள். பாதிப் புனைவு அங்கேயே செத்துவிடும். இந்தக் கட்டம் அவசரமில்லாதது, ஓப்பன்ஏஐ பேட்ச் ஏபிஐயில் (மொத்தமாகக் கொடுத்துப் பிறகு வாங்கும் வழி) போட்டால் 24 மணி நேரக் கெடுவில் பாதி விலை.

நம்புவதற்கு முன் 200 வரிகளை இரண்டு பேர் கையால் குறியுங்கள். வெறும் ஒத்துப்போகும் சதவீதம் ஏமாற்றும்: 80% வரிகள் நேர்மறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 1 போடுகிற நிரலும் 80% வாங்கும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் காட்டும் கோஹனின் கப்பாவைப் பாருங்கள். குறை சொன்ன வரிகளில் எத்தனையைப் பிடித்தது என்பதைத் தனியாகப் பாருங்கள்.

வாங்குவதா, எழுதுவதா என்றால்: ஒரு பிராண்ட், தமிழும் வேண்டும் என்றால் எழுதுங்கள். பத்து நாடு, ஐம்பது பிராண்ட் என்றால் வாங்குங்கள். அப்போதும் மூலப் பதில்களை ஏற்றுமதி செய்ய விடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

கல்லும்குழவியும்

ரொம்ப நன்றிங்க. இரண்டு சந்தேகம். கூகுள் ஏஐ ஓவர்வியூவை (தேடல் முடிவுகளுக்கு மேலே வரும் ஏஐ சுருக்கம்) எப்படி எடுப்பது? பெயர் வந்தாலும் மூல இணைப்புகளில் எங்கள் தளம் ஒருதடவை கூட இல்லை. எல்லாம் கடைத் தளங்களும் யூடியூபும்தான்.

புள்ளிக்குப்புள்ளி

ஓவர்வியூவுக்கு என்று கூகுள் ஏபிஐ கொடுப்பதில்லை. சர்ச் கன்சோலிலும் அது மொத்த வலை எண்ணிக்கையில் கலந்தே வரும், பிரித்துக் காட்டாது. தேடல் பக்கத்தை எடுத்துத் தரும் மூன்றாம் தரப்புச் சேவை ஒன்றை வைக்கலாம், அல்லது 20 கேள்வியோடு நிறுத்தி கையால் பாருங்கள். ஓவர்வியூவே வராத தேடலைத் தனி நிலையாகக் குறியுங்கள், பூஜ்யமாக அல்ல. ஜெமினி ஏபிஐயின் கிரவுண்டிங் இணைப்புகள் (பதிலுக்கு ஆதாரமாகக் காட்டுபவை) கூகுளின் இடைவழி முகவரியாக வரும். அதைத் தொடர்ந்து போய் உண்மையான தளத்தை எடுத்தால்தான் கணக்கு சேரும். ஓட்டிய அன்றே எடுத்துவிடுங்கள்.

உங்கள் தளம் வராததற்கு முதலில் ரோபாட்ஸ் கோப்பை (எந்த ஊர்வி, அதாவது தளங்களைப் படிக்கும் தானியங்கி நிரல், வரலாம் என்று சொல்லும் கோப்பு) பாருங்கள். சாட்ஜிபிடி தேடலுக்கு வருவது ஓஏஐ-சர்ச்பாட், பயிற்சிக்கு வருவது ஜிபிடிபாட். பின்னதைத் தடுக்கப் போய் முன்னதையும் சேர்த்துத் தடுத்திருப்பார்கள். தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் சேவையான கிளவுட்ஃப்ளேர் 2025 ஜூலையில் புதிதாகச் சேரும் தளங்களுக்கு ஏஐ ஊர்விகளை முன்னிருப்பாகவே தடுக்கத் தொடங்கியது, ரோபாட்ஸ் சுத்தமாக இருந்தாலும் அங்கே முட்டலாம். சர்வர் லாகில் அந்தப் பெயர்களைத் தேடி 403 (அனுமதி மறுப்பு) வருகிறதா என்று பாருங்கள். 200 (பக்கம் கிடைத்தது) என்று இருந்தும் இணைப்பு வரவில்லையென்றால், கல்லின் எடை, மோட்டார் வாட், லிட்டர் எல்லாம் உங்கள் பக்கத்தில் எழுத்தாக இருக்கிறதா, பிரோஷர் படத்துக்குள் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.