புதுப்பிப்பு: எழுந்தால் தலைசுற்றல், மெதுவான நாடி – காரணம் தெரிந்துவிட்டது

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்: உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) உள்ள எனக்கு எழுந்து நின்றாலே கண் இருட்டியது, நாடித் துடிப்பு 50க்குக் கீழே போனது. நோய் இதயத்தைத் தொட்டுவிட்டதா என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

ஈசிஜியில் துடிப்பு மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். எக்கோ (இதய ஸ்கேன்) இயல்பு.

துப்புக் கொடுத்தது, "படுத்தும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள், விழுங்கும் மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள்" என்ற யோசனை. படுத்தால் 112, நின்றால் 84. மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். பட்டியலைப் பார்த்ததும் நரம்பியல் மருத்துவர் இரண்டு பெயர்களில் விரல் வைத்தார்: தசை இறுக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் நான் எடுக்கும் டிசானிடின்; சிறுநீர்த் தொற்றுக்கு வேறோர் இடத்தில் எழுதித் தந்த சிப்ரோஃப்ளாக்சசின். இவை சேரவே கூடாது. டிசானிடினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைச் சிப்ரோ முடக்குகிறது. மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறி, அழுத்தத்தையும் துடிப்பையும் இறக்கிவிடுகிறது. சிப்ரோ தொடங்கிய மறுநாளே தொல்லை வந்ததை நான் கவனிக்கவே இல்லை. (வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.)

தொற்றுக்கு வேறு மருந்து மாற்றினார்கள்; இரண்டு நாளில் நாடி 70. டிசானிடினை நானாக நிறுத்தப் பார்த்தேன், தடுத்துவிட்டார்: திடீரென விட்டால் அழுத்தம் எகிறுமாம்.

எதிர்பாராதது ஒன்று: இப்போதும் நிற்கும்போது 14 குறைகிறது. அது, அழுத்தத்தையும் துடிப்பையும் தானாகக் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகளை எம்எஸ் பாதித்ததால் இருக்கலாம் என்கிறார். அடுத்த மாதம் பரிசோதனை.