நெருக்கடிக் காலத்தில் வெள்ளி: வாங்கியோர், விற்றோர் அனுபவங்கள்

கோவை உறுப்பினர்:

பங்குச் சந்தை சரியும்போதெல்லாம், "தங்கம் எட்டாத விலைக்குப் போய்விட்டது, வெள்ளியையாவது வாங்கிப் போடுங்கள்" என்று யாரேனும் சொல்வதைக் கேட்கிறேன். 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு, கையில் மிச்சம் விழுந்தபோதெல்லாம் கட்டி வெள்ளி வாங்கிச் சேர்த்தவன் என்ற முறையில், அந்தப் பேச்சில் விடுபட்டுப்போகும் ஒன்றைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நெருக்கடி வெடிக்கும் நாள்களில் வெள்ளி, தங்கத்தைப் போலன்றிச் செம்பைப் போலவே நடந்துகொள்கிறது. உலகில் ஓராண்டில் பயன்படும் வெள்ளியில் பாதிக்கும் மேற்பட்டது சூரிய மின்தகடு, மின்னணுக் கருவி, வாகனம் எனத் தொழிற்சாலைகளுக்குப் போவதால், ஆலைகள் நின்றுவிடும் என்ற அச்சம் எழுந்ததுமே அதன் விலை தங்கத்தைவிட வேகமாக விழுகிறது. 2008 மார்ச்சில் அவுன்ஸ் (ஏறத்தாழ 31 கிராம்) 20 டாலரைத் தாண்டிய வெள்ளி, அதே ஆண்டு அக்டோபரில் 9 டாலரை ஒட்டி வந்துவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனா அச்சம் பரவியபோது 12 டாலருக்கும் கீழே இறங்கியது; அப்போது ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலைக்கு 120 அவுன்ஸுக்கு மேல் வெள்ளி வாங்க முடிந்தது. அரசுகளும் மத்திய வங்கிகளும் பணத்தைப் பாய்ச்சத் தொடங்கிய பிறகுதான் அது எழுந்தது. எழுந்தபோது தங்கத்தையும் முந்தியது. நம் நாட்டின் முன்பேரச் சந்தையில் (பின்னொரு நாளில் கைமாறும் பொருளுக்கு இன்றே விலை பேசும் சந்தை) மார்ச்சில் கிலோ 40,000 ரூபாய்க்குக் கீழே இருந்தது, ஆகஸ்டில் 70,000 ரூபாயைத் தாண்டியது. அச்சம் பிறந்த நாளில் வாங்கியவருக்கும், அச்சம் முற்றிய நாளில் வாங்கியவருக்கும் கிடைத்த பலன் ஒன்றாக இருக்கவில்லை.

2011-ஐயும் சொல்ல வேண்டும். அந்த ஏப்ரல் இறுதியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. இங்கே கிலோ 70,000 ரூபாயைக் கடந்தது. அமெரிக்கச் சந்தை நிர்வாகம் முன்பேர வணிகத்துக்கான மார்ஜின் தொகையை (வணிகர் முன்கூட்டிக் கட்டும் பிணைத்தொகை) அடுத்தடுத்து உயர்த்த, மே மாதத்தின் முதல் வாரத்திலேயே விலை கால்பங்குக்கு மேல் கரைந்தது. அந்த வாரத்தில்தான் அட்சய திருதியையும் வந்தது. என் உறவினர் ஒருவர் மகள் திருமணத்துக்காக உச்ச விலையில் குத்துவிளக்கும் தாம்பாளமும் வாங்கியிருந்தார். அவை வீட்டில் புழங்கும் பொருள்கள் என்பதால் விலை இறங்கியதை அவர் பொருட்படுத்தவே இல்லை. முன்பேரச் சந்தையில் நுழைந்திருந்த மற்றொருவருக்கோ, கூடுதல் மார்ஜின் கட்டு அல்லது வெளியேறு என்று தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. ரூபாய்க் கணக்கில் அந்த உச்சத்தை வெள்ளி மீண்டும் தொட 2020 ஆகஸ்ட் வரை ஆயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை நான் வெள்ளியில் வைப்பதில்லை என்பதற்கு அந்த இடைவெளியே போதுமான காரணம்.

சேலம் உறுப்பினர்:

எங்கள் குடும்பம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறது. வெள்ளி விலை ஏறினால் எங்களுக்கு இலாபம் என்று வெளியூர் நண்பர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். வியாபாரி கொடுக்கும் வெள்ளியில் வேலை செய்து, எடை கணக்குக் காட்டிக் கூலி வாங்கும் பட்டறைக்கு விலையேற்றத்தால் வருவது ஆர்டர் குறைவுதான். 2025-இன் தொடக்கத்தில் கிராம் 100 ரூபாயை ஒட்டியிருந்த வெள்ளி அக்டோபரில் 200 ரூபாயைத் தாண்டியபோது, கனமான கொலுசு கேட்போர் அரிதாகி, மெல்லிய சலங்கைக் கொலுசுகளுக்கே தேவை இருந்தது.

முதலீடு என்று நினைத்துக் கொலுசு வாங்குவோர் அதன் டச் (நூற்றில் சுத்த வெள்ளியின் பங்கு) எவ்வளவு என்று கேட்பதே இல்லை. 75 டச் கொலுசு 100 கிராம் இருந்தால் அதில் வெள்ளி 75 கிராம்தான். மீதி செம்பும், ஒட்டவைக்கும் பற்றாசும். பழைய வெள்ளியாகக் கொண்டுவரும்போது உருக்கிப் பார்த்துச் சுத்த வெள்ளிக்கு மட்டுமே விலை போடுவார்கள். செய்கூலியும் மூன்று விழுக்காடு ஜிஎஸ்டியும் திரும்ப வராது. எனவே விலை இருபது விழுக்காடு ஏறிய பிறகும் போட்ட பணம் கைக்கு வராமல் திகைத்தவர்களை எங்கள் கடைவீதியில் பார்த்திருக்கிறேன். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஆறு இலக்க அடையாள எண்ணுடன் ஹால்மார்க் வந்திருக்கிறது. ஆனால் அறிமுகமானபோது அது கட்டாயமாக இல்லை, விரும்புவோர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சேர்த்துவைக்க வாங்குகிறீர்கள் என்றால் 999 கட்டியே (99.9 விழுக்காடு சுத்த வெள்ளி) வாங்குங்கள். கொலுசைக் காலில் போடுவதற்காக வாங்குங்கள்.

சென்னை உறுப்பினர்:

வீட்டில் பூட்டிவைக்க இடமில்லாததால் நான் ஈடிஎஃப் வழியைத் தேர்ந்தேன்; நிதி நிறுவனம் வெள்ளியை வாங்கி வைத்து, அதன் மதிப்பைச் சிறு அலகுகளாகப் பங்குச் சந்தையில் விற்கும் திட்டம் அது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021 நவம்பரில் விதிகளை வகுத்து, 2022 ஜனவரியில் முதல் வெள்ளி ஈடிஎஃப் வந்ததிலிருந்து சிறு தொகைகளாக வாங்கிவருகிறேன். சேதாரமோ உருக்கும் கழிவோ இதில் இல்லை என்றாலும், விலைப்பலகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையிலான வேறுபாடு இங்கும் வேறோர் உருவில் வருகிறது.

2025 தீபாவளிக்கு முந்தைய நாள்களில் இலண்டனிலும் இங்கும் உடனடியாகக் கையில் கிடைக்கும் வெள்ளி அரிதாகியது. ஈடிஎஃப் அலகுகள், அவற்றின் பின்னால் உள்ள வெள்ளியின் மதிப்பைவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுதலாகக் கைமாறின. ஈடிஎஃப்களில் முதலிடும் நிதித் திட்டங்கள் சில, மொத்தத் தொகையாகப் புதிய முதலீடு பெறுவதையே நிறுத்திவைத்தன. அந்தக் கூடுதல் விலை வெள்ளிக்கானது அன்று, அவசரத்துக்கானது என்று எனக்குத் தோன்றியதால், என்னிடம் இருந்ததில் ஒரு பகுதியை அப்போது விற்றேன். பண்டிகை முடிந்ததும் வெள்ளியும் இறங்கியது, அந்தக் கூடுதல் விலையும் மறைந்தது. வாங்கும் முன் பங்குச் சந்தை காட்டும் உடனடி நிகர மதிப்பையும் (ஓர் அலகின் பின்னால் உள்ள வெள்ளியின் அந்நேர மதிப்பு) விற்போர் கேட்கும் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

திருச்சி உறுப்பினர்:

அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்று நம்பிக் கட்டி வெள்ளி வாங்க நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வெள்ளி நகைகளை ஒருவர் 10 கிலோ வரையிலும் நாணயங்களை 500 கிராம் வரையிலும் ஈடாக வைக்கலாம். கட்டி வெள்ளிக்கும் ஈடிஎஃப் அலகுகளுக்கும் அந்த வகையில் கடன் கிடையாது. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அதில் ஆணையிடப்பட்டது. சேலம் நண்பர் சொல்வதுபோல் விற்பதற்குக் கட்டியே மேல். ஆனால் விற்காமல் சமாளிக்க வேண்டிய மாதத்தில் வங்கி ஈடாக வாங்கிக்கொள்வது அந்தக் கொலுசைத்தான். எங்கள் வீட்டில் இரண்டையும் வைத்திருக்கிறோம், கட்டியைக் கூடுதலாகவும் கொலுசைக் குறைவாகவும்.