புதுப்பிப்பு: சாப்பிடாத தவளைக்கு மருந்து கொடுத்தது எப்படி

பத்து நாளாகச் சாப்பிடாமல், தொடை சிவந்து கிடந்த என் மரத்தவளைக்கு எப்படி மருந்து கொடுப்பது என்று கேட்டிருந்தேன். தேறிவிட்டது, எல்லாருக்கும் நன்றி.

வாயைத் திறக்கவே முடியவில்லை. தாடை உடைந்துவிடுமோ என்று பயம் வேறு. கைகொடுத்தது "முதுகில் சொட்டு விடுங்கள்" என்ற யோசனைதான். தவளை தண்ணீரையே தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது, மருந்தும் அப்படியே இறங்கும். பினாங்கின் ஜெலுத்தோங்கிலிருந்து தீவின் மறுபக்கம் வரை போய்ப் பார்த்த கால்நடை மருத்துவரும் அதையே சொன்னார். நிறுத்துப் பார்த்து (41 கிராம்!) அளவு கணக்கிட்டுக் கொடுத்தார். நம் மாத்திரையைக் கரைத்து ஊற்றவே கூடாதாம்.

எதிர்பாராதது, தண்ணீர். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி வந்திருக்கிறேன். குளோரின் தவளைக்கு ஆகாது. இப்போது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்துதான் வைக்கிறேன்.

எட்டாம் நாள், இடுக்கியில் பிடித்து ஆட்டிய சுவர்க்கோழியை லபக்கென்று பிடித்தது. அசையாத இரையை இன்னும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.