சாணை பட்ட இடத்தைத் தேடுங்கள்

பழைய ஜெர்மன் குத்துவாள் கைக்கு வந்ததும் பலரும் அதிலுள்ள கழுகுச் சின்னத்தைப் பார்ப்பார்கள், கைப்பிடியின் நிறத்தைப் பார்ப்பார்கள். நான் எங்கே சாணை பட்டிருக்கிறது என்று தேடுவேன். சோலிங்கன் பக்கத்துப் பழம்பொருள் சந்தைகளில் கடை போடும் பெரியவர் ஒருவரிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் இது. ஜெர்மனியின் கத்திகளில் பெரும்பாலானவை பிறந்த ஊர் சோலிங்கன்.

அவர் முதலில் நீட்டியது குத்துவாளே இல்லை. முதல் உலகப் போர்க் காலத்து எஸ் 98/05 மாதிரி பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. நுனிப் பக்கம் அகலும் கனத்த அலகு. முதுகில் ஒரு கிரீடம், அதன் கீழ் டபிள்யூ, அப்புறம் 15. பிரஷ்ய ராணுவம் 1915இல் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். "முதுகைத் தடவிப் பாருங்கள்" என்றார். வழவழவென்று போன விரல் ஓரிடத்தில் தட்டியது. ரம்பப் பற்களின் அடிக்குழிகள்! மரம் அறுப்பதற்காக வைத்த பற்கள்தான். ஆனால் அது கொடூரத்துக்கான ஆயுதம் என்று நேச நாடுகள் பிரசாரம் செய்தன. இந்தக் கத்தியோடு பிடிபட்டால் உயிர் மிஞ்சாது என்ற பயமும் வீரர்களிடம் இருந்தது. 1917 வாக்கில் பற்களைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள்.

நான் அதிக நேரம் செலவழிப்பது எஸ்.ஏ. குத்துவாள்களில். எஸ்.ஏ. ராணுவம் அல்ல, நாஜிக் கட்சியின் அடியாள் படை. என்றாலும் சேகரிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருப்பார்கள். 1934இல் அதன் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் பழைய உறுப்பினர்களுக்குக் கொடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குத்துவாள்களின் பின்பக்கத்தில் 'மனமார்ந்த நட்புடன்' என்ற வாசகமும் அவர் பெயரும் அமிலத்தால் பொறிக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு ஜூன் 30 அன்று தொடங்கிய களையெடுப்பில் அவரை ஹிட்லர் கொல்லச் செய்தார். உடனே, வாசகத்தை அழிக்க வேண்டும் என்று உத்தரவு. சிலர் பெயரை மட்டும் அழித்தார்கள், சிலர் முழு வரியையும்.

இப்படி ஒன்றை விளக்கடியில் சாய்த்துப் பிடியுங்கள். தொழிற்சாலை மெருகின் மயிரிழைக் கோடுகள் அலகின் குறுக்கே ஓடும். சாணை பட்ட இடத்தில் அந்த ஓட்டம் கலைந்து, கோடுகள் நீளவாக்கிலோ கன்னாபின்னாவென்றோ போகும். லென்ஸ் வைத்தால் சில எழுத்துகளின் அடிப்பகுதி இன்னும் நிழலாகத் தெரியும். வாசகம் முழுசாக இருப்பது மிக அபூர்வம், விலையும் அப்படித்தான். அதனால் சாதாரண எஸ்.ஏ. கத்தியில் புதிதாக வாசகம் பொறித்து விற்கிற கூட்டம் உண்டு. ஒரு கண்காட்சியில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். வாசகம் பளிச்சென்று இருந்தது, பக்கத்திலேயே ஆர்.இசட்.எம். முத்திரையும், அதாவது நாஜிக் கட்சிப் பொருள்களுக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்தின் முத்திரையும்! இந்தக் கத்திகளுக்கு அந்த முத்திரை வந்ததே ரோம் செத்த பிறகுதான். விற்றவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே துணியால் மூடினார்.

1945க்குப் பிறகு தேய்த்தவை தனி ரகம். கழுகு அப்படியே இருக்கும், அதன் காலடியில் இருந்த ஸ்வஸ்திகா மட்டும் அராவப்பட்டிருக்கும். இன்றும் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டத் தடை போடும் ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவுக்குப் பயந்து, கண்காட்சிகளில் அந்த இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வைக்கிறார்கள். விற்பனைக்காகச் சின்னத்தை அராவுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், ஸ்டிக்கர் போதும்.

சாணை படாமலே ஒரு பெயர் பறிபோனதும் உண்டு. ராணுவ அதிகாரிகளின் 1935 மாதிரிக் குத்துவாள்கள் சிலவற்றின் அலகில் தராசு முத்திரையும் 'அல்கோசோ' என்ற எழுத்தும் இருக்கும். அலெக்சாண்டர் கோப்பல், சோலிங்கன் என்பதன் சுருக்கம். 1821இல் ஒரு யூதக் குடும்பம் தொடங்கிய நிறுவனம். நாஜி ஆட்சியில் அதைக் குடும்பத்திடமிருந்து பிடுங்கினார்கள், முத்திரையை வைத்துக்கொண்டார்கள். நிறுவனரின் பெயரையே தாங்கிய வழித்தோன்றல், வழக்கறிஞர் அலெக்சாண்டர் கோப்பல், 1942இல் தெரேசியன்ஷ்டாட் என்ற நாஜி முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். சோலிங்கனில் இப்போது ஒரு பள்ளிக்கு அவர் பெயர். தராசு முத்திரைக் கத்தியை விற்கிறவர்களில் இதைச் சொல்லி விற்றவர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. எடை, நீளம், கைப்பிடியின் தரம், அதோடு சரி.